எண்ணே போதும்: டேக்குக்குச் சொல் வேண்டும் என்போருக்கு மறுப்பு

"245 என்று போட்டால் யாருக்குப் புரியும்? தலைப்பு என்றே பெயர் வைத்துவிட்டால் என்ன?" நூலகத் தானியக்கம் பற்றிய பயிலரங்குகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பவர் பெரும்பாலும் கணினித் துறையிலிருந்து வந்தவர். கேள்வி நியாயமானதாகவே தோன்றுவதால் அரங்கில் உள்ள நூலகர்களும் தலையசைத்துவிடுகிறார்கள். இப்படி எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டுப் பொதுக்கருத்தாகவே நிலைத்துவிட்ட வாதம் இது: தரவுத்தளத்தில் ஒவ்வொரு புலத்தையும் அடையாளம் காட்டும் டேக்குக்குப் பெயரிடும்போது பார்த்தவுடன் பொருள் விளங்கும் சொல்லைத்தான் வைக்க வேண்டும், எண்ணால் ஆன டேக்குகள் துளை அட்டைக் காலத்தின் எச்சம், அவற்றைக் கைவிடுவதே வளர்ச்சி.

இந்தக் கருத்து தவறு என்று சொல்லவே இக்கட்டுரை. ஓர் அலுவலகத்துக்குள், ஒரே மொழி பேசும் நான்கு பேர், ஐந்தாண்டுகள் பயன்படுத்தப்போகும் தரவுத்தளம் எப்படிப் பெயரிடப்பட்டாலும் பெரிய கேடில்லை. பல நாடுகள், பல மொழிகள், பல தலைமுறைகள் பகிர்ந்துகொள்ள வேண்டிய தரவுக்கு நிலைமை வேறு. அங்கே டேக் பொருளைச் சொல்ல முயலவே கூடாது. ஒரு புலத்தை இன்னொரு புலத்திலிருந்து பிரித்துக் காட்டுவதே அதன் வேலை. பொருளைச் சொல்வது வரையறையின் வேலை. பயனாளருக்குக் காட்டுவது திரையில் தெரியும் பெயரின் வேலை. மூன்றையும் ஒரே சொல்லின் தலையில் கட்டினால் மூன்றும் கெடும். நூலகப் பட்டியலாக்கத்தின் அறுபதாண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

முதலில் அந்த எண்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். உலக நூலகங்கள் நூல் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் மார்க் வடிவத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் மூன்று இலக்க டேக் உண்டு. 100 என்றால் முதன்மைப் பதிவாக வரும் தனிநபர் பெயர். 245 என்றால் தலைப்பும் பொறுப்புரையும். 300 என்றால் பக்கம், அளவு முதலான வெளிவிவரம். 500-இல் தொடங்குபவை குறிப்புகள். 600-இல் தொடங்குபவை பொருள் தலைப்புகள். இவை மனம்போனபடி அடுக்கிய எண்கள் என்று நினைப்பவர்கள் ஒரு முறை 100, 600, 700, 800 ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் தனிநபர் பெயர்கள். முதல் இலக்கம் அந்தப் பெயர் பதிவில் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறது: முதன்மைப் பொறுப்பா, நூல் பேசும் பொருளா, கூடுதல் பதிவா, தொடர்வரிசைக்கு உரியதா. பின்னிரு இலக்கங்கள் அது எவ்வகைப் பெயர் என்று சொல்கின்றன. 10 என்று முடிந்தால் நிறுவனம். 11 என்று முடிந்தால் மாநாடு போன்ற கூட்டம். ஆகவே 610 என்ற டேக்கை முதன்முறை பார்ப்பவர்கூட, இந்த இலக்கணம் தெரிந்திருந்தால், நூலின் பேசுபொருளாக வரும் நிறுவனப் பெயர் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. சில பழைய விதிவிலக்குகள் நீங்கலாக, 9 என்ற இலக்கம் வரும் டேக்குகள் உள்ளூர்ப் பயன்பாட்டுக்கு விடப்பட்டிருக்கின்றன. ஒரு கிராமப்புறக் கல்லூரி நூலகம் தனக்கு மட்டுமே தேவைப்படும் தகவலை 59 அல்லது 69-இல் தொடங்கும் டேக்கிலோ, 900 வரிசையிலோ வைத்துக்கொள்ளலாம். நாளை பொதுத் தரத்தில் புதிய புலம் சேர்க்கப்பட்டாலும் அந்த நூலகத்தின் டேக்கோடு அது மோதாது. சொல் டேக்குகளில் இத்தகைய வேலி போடுவதற்குத் தனியாக முன்னொட்டுகளையும் பெயர்வெளிகளையும் உருவாக்க வேண்டியிருக்கிறது. எண் முறையில் ஓர் இலக்கமே வேலியாக நிற்கிறது.

இனி எதிர்த்தரப்பின் முதல் வாதம்: எண் டேக்குகள் நினைவகம் குறைவாக இருந்த காலத்தின் சிக்கனம், இன்று அதற்கு அவசியமில்லை. வரலாற்றில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் ஏவ்ரம் தலைமையில் 1966-இல் 16 நூலகங்களுடன் மார்க் முன்னோட்டம் தொடங்கியது. 1968-இல் இரண்டாம் வடிவம் வந்தது. 1969-இல் காந்த நாடாக்களில் பதிவுகள் பிற நூலகங்களுக்குப் போகத் தொடங்கின. அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் விலை உண்டு. ஆனால் ஒரு வழக்கம் எந்தக் காரணத்துக்காகத் தொடங்கியது என்பதும், அது இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக நினைப்பது தர்க்கப் பிழை.

2002-இல் ராய் டெனன்ட் என்ற அமெரிக்க நூலகர், மார்க் சாகத்தான் வேண்டும் என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். அதன்பின் வந்தவர்கள் பலர் அந்த முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மார்க்கின் எல்லாக் குறைகளையும் டேக்கின் கணக்கில் எழுதினார்கள். மார்க்குக்குக் குறைகள் உண்டு, நான் மறுக்கவில்லை. அதன் பதிவுகளைச் சுமக்கும் ஐஎஸ்ஓ 2709 அமைப்பில் பதிவின் நீளத்தைக் குறிக்க ஐந்து இலக்கங்களே இருப்பதால் ஒரு பதிவு 99,999 எழுத்தளவைத் தாண்ட முடியாது. புலங்களுக்குள் மனிதர் படிக்கும் நிறுத்தக்குறிகள் கலந்து கிடக்கின்றன. ஒரே ஆசிரியரின் பெயர் அடையாள இணைப்பாக இல்லாமல் வெறும் எழுத்துச்சரமாகப் பல்லாயிரம் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இவையெல்லாம் உண்மையான குறைகள். ஆனால் இவற்றில் ஒன்றுக்கும் 245 என்ற எண் காரணமில்லை. டேக்கை டைட்டில் என்று மாற்றிவிட்டால் பதிவின் நீள வரம்பு போய்விடுமா, ஆசிரியர் பெயர் இணைப்பாக மாறிவிடுமா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற கதைதான் நடந்திருக்கிறது.

எண் டேக் பழமையின் எச்சம் என்பது உண்மையானால், நினைவகம் மலிந்த காலத்தில் பிறந்த அமைப்புகள் அதைத் தவிர்த்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு ஒவ்வொரு பண்புக்கும் பி என்ற எழுத்தோடு ஓர் எண்ணையே அடையாளமாக வைத்தது. அங்கே ஆசிரியர் என்பது பி50. பிறந்த தேதி என்பது பி569. ஒவ்வோர் எண்ணுக்கும் நூற்றுக்கணக்கான மொழிகளில் பெயர் சேர்க்கலாம், தமிழிலும் சேர்க்கலாம். எந்த மொழிப் பெயரும் மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக நிற்பதில்லை. எல்லாம் அந்த எண்ணின்கீழ் சமமாக நிற்கின்றன. புதிய பட்டியலாக்க விதித் தொகுப்பான ஆர்டிஏவின் பதிவகமும் தன் கூறுகளுக்கு எண் வடிவிலான முகவரிகளையே நிலையான அடையாளமாகக் கொண்டிருக்கிறது. படிக்கத்தக்க சொல் வடிவம் துணைப்பெயராக மட்டுமே வருகிறது. வட்டில் இடம் போதாததால் இவர்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. பலமொழிகளில் வாழப்போகும் தரவுக்கு வேறு வழி சரிப்படாது என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாவது வாதம், எதிர்த்தரப்பின் உயிர்நாடியான வாதம்: சொல் டேக் பார்த்தவுடன் புரியும். இதைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். சொல் டேக் புரிவதில்லை. புரிந்துவிட்டதான எண்ணத்தைத் தருகிறது. அந்த எண்ணம் வந்தவுடன் வரையறையைத் திறந்து பார்க்கும் பழக்கம் நின்றுபோகிறது. கேடு அங்கே தொடங்குகிறது.

1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடியவர்கள் உருவாக்கத் தொடங்கிய டப்ளின் கோர் இதற்குச் சிறந்த சான்று. நூல், கோப்பு முதலானவற்றை விவரிக்க எளிமைக்காகவே பிறந்த தரம் அது. பின்னர் நிலைபெற்ற 15 கூறுகளும் அன்றாட ஆங்கிலச் சொற்கள். அவற்றில் ஒன்று டேட். தேதி என்றால் யாருக்குத்தான் புரியாது? ஆனால் எந்தத் தேதி? நூல் எழுதப்பட்ட தேதியா, வெளிவந்த தேதியா, மின்வருடப்பட்ட தேதியா, இணையத்தில் ஏற்றப்பட்ட தேதியா? ஒரு நிறுவனம் பழைய நூலின் பதிப்பாண்டைப் போட்டது. இன்னொன்று அதை வருடிய நாளைப் போட்டது. இருவரும் டேக்கைச் சரியாகவே படித்தார்கள். பிறகு அந்தத் தரத்திலேயே உருவாக்கிய நாள், வெளியிட்ட நாள், திருத்திய நாள், கிடைக்கத் தொடங்கிய நாள், செல்லுபடியாகும் காலம், ஏற்கப்பட்ட நாள், பதிப்புரிமை நாள், சமர்ப்பித்த நாள் என்று எட்டுத் தனி டேக்குகள் தேவைப்பட்டன. கிரியேட்டர் என்ற கூறின் கதையும் இதுவே. டப்ளின் கோரில் படைத்தவருக்கென்றே அந்தக் கூறு இருக்கும்போது, பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் பரவலாகப் பயன்படுத்தும் டிஸ்பேஸ் மென்பொருள் ஆசிரியரைப் பங்களிப்பாளர் என்ற கூறின் உட்பிரிவாக வைக்கிறது. இரண்டு களஞ்சியங்களை இணைக்கும்போது ஒன்றில் ஆசிரியர் படைத்தவராகவும் இன்னொன்றில் பங்களித்தவராகவும் நிற்கிறார்.

சொல் டேக்குகளையே முழுக்க நம்பி வளர்ந்த இன்னொரு பெருந்தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய இந்த வரைபடத்தில் சாலைகளுக்கெல்லாம் ஹைவே என்ற டேக். பிரிட்டன் சட்டத்தில் அந்தச் சொல் பொதுமக்கள் நடமாடும் எல்லா வழிகளையும் குறிக்கும். ஆகவே வயல் நடுவே போகும் ஒற்றையடிப்பாதையும் அங்கே ஹைவேதான். கோயில் மலைக்கு ஏறும் படிக்கட்டும் ஹைவேதான். ஹைவே என்றால் நெடுஞ்சாலை என்று அறிந்த தமிழ் இளைஞர் தன் ஊரை வரையத் தொடங்கும்போது அந்தச் சொல்லே அவரைத் தவறான வழியில் நிறுத்துகிறது. காட்டுக்கும் இதே குழப்பம்: நிலப்பயன்பாட்டின்கீழ் ஃபாரஸ்ட் என்று ஒரு டேக், இயற்கையின்கீழ் உட் என்று ஒரு டேக், எது எப்போது என்ற விவாதம் பல ஆண்டுகளாகத் தீரவில்லை. நம் ஏரிகளின் நிலை இன்னும் மோசம். கரை கட்டி மடை வைத்துப் பாசனத்துக்குத் தேக்கிய நீர்நிலை நமக்கு ஏரி, தெற்கே கண்மாய். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து லேக் என்று குறித்துவிட்டால் அது இயற்கை நீர்நிலை ஆகிவிடுகிறது. அதன் கரைக்கும் மடைக்கும் ஆயக்கட்டுக்கும் இருக்கும் உறவு தரவிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஓர் எண் இருந்திருந்தால், குறிப்பவர் வேறு வழியின்றி வரையறையைப் படித்திருப்பார். விளங்காத டேக் படிக்க வைக்கிறது. விளங்குவது போன்ற டேக் படிக்கவிடாமல் தடுக்கிறது.

என் தரப்பின் அடுத்த காரணம்: சொல் என்பது ஒரு மொழியின் சொல். ஒரு மொழியின் சொல்லோடு அந்தச் சமூகத்தின் வாழ்க்கை முறையும் வந்துவிடும். மனிதர் பெயரைக் குறிக்கும் டேக்குகளில் இதை நாம் நாள்தோறும் அனுபவிக்கிறோம். லாஸ்ட்நேம் என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் நகர விடாத படிவம். குடும்பப்பெயரே இல்லாத மக்கள் அங்கே அப்பா பெயரைப் போடுகிறார்கள், ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள், தலைப்பெழுத்தை மட்டும் போடுகிறார்கள், தம் பெயரையே இரண்டாம் முறை போடுகிறார்கள். இத்தனையும் ஒரே டேக்கின்கீழ் சேர்கின்றன; பிறகு அதிலிருந்து புள்ளிவிவரம் எடுக்கிறார்கள். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் பெயரையே எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து சீர்காழி என்ற ஊரைக் குறிக்கிறது. இரண்டாவது தந்தையின் பெயர். ரங்கநாதன் என்பதுதான் அவருக்கு இட்ட பெயர். குடும்பப்பெயர் என்ற டேக்கில் எதைப் போட்டாலும் அது பொய்.

சொல்லை நம்பியவர்கள் தங்களுக்குள்ளாவது ஒத்துப்போனார்களா என்றால் அதுவும் இல்லை. மனிதர்களையும் அவர்களின் தொடர்புகளையும் விவரிக்க 2000-ஐ ஒட்டி உருவான ஃபோஃப் என்ற சொற்தொகுதியில் பெயரின் பகுதிகளுக்கு மட்டும் ஏழு டேக்குகள் சேர்ந்தன: ஃபர்ஸ்ட்நேம், லாஸ்ட்நேம், சர்நேம், பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் வேறுபட்ட இரண்டு கிவன்நேம்கள், எழுதும் முறை மட்டும் வேறுபட்ட இரண்டு ஃபேமிலிநேம்கள். ஒவ்வொரு சொல்லும் பார்த்தவுடன் புரியும். ஏழும் சேர்ந்தால் எதைப் பயன்படுத்துவது என்று யாருக்கும் புரியாது. மார்க்கில் 100 என்ற புலம் ஒரு மனிதரின் பெயரைக் கேட்கிறது. அந்தப் பெயரை எப்படித் தொடங்குவது என்பதை அடுத்து நிற்கும் சுட்டி தெரிவிக்கிறது. இட்ட பெயரில் தொடங்கினால் 0, குடும்பப்பெயரில் தொடங்கினால் 1, குலம் அல்லது குடும்பம் முழுவதையும் குறித்தால் 3. அந்த வரையறையும் தமிழ்ப் பெயர்களுக்கு முழுவதும் பொருந்திவிடவில்லை. ஆனால் வரையறையில் குறை இருந்தால் வரையறையைத் திருத்தலாம். டேக்கே ஒரு வரையறையாக இருந்தால் பதிவுகள் அனைத்தையும் திருத்த வேண்டும்.

இங்கே தமிழ் ஆர்வலர் ஒருவர் எழுந்து, அப்படியானால் டேக்குகளைத் தமிழிலேயே வைப்போமே என்று கேட்கலாம். தொழில்நுட்பத்தில் தடையில்லை. தரவுப் பரிமாற்ற வடிவமான எக்ஸ்எம்எல்லின் பெயரிடும் விதிகள் 1998-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்துகளை ஏற்கின்றன. பெயர் இலக்கத்தில் தொடங்கக் கூடாது என்பதுதான் அந்த விதிகளில் எண் முறைக்கு எதிரான ஒரே தடை; மார்க்கின் எக்ஸ்எம்எல் வடிவம் எண்ணைப் பெயரில் வைக்காமல் பண்பின் மதிப்பாக வைத்து அதையும் எளிதில் தாண்டிவிட்டது. என் மறுப்பு தொழில்நுட்பம் பற்றியதன்று. ஆங்கிலச் சொல் மற்ற மொழியினர் மீது சுமத்தும் பாரத்தை நம் சொல்லும் சுமத்தும் என்பதே என் கவலை. இலங்கையில் ஒரே தேசிய நூலகத்தின் தரவில் சிங்களப் பட்டியலாக்கர் தமிழ் டேக்கையும் தமிழ்ப் பட்டியலாக்கர் சிங்கள டேக்கையும் எதிர்கொள்ள வேண்டும் என்றால் எந்தப் பக்கம் நீதி இருக்கும்? 245 இருவருக்கும் சமமான தொலைவில் நிற்கிறது. திரையில் ஒருவருக்குத் தமிழிலும் ஒருவருக்குச் சிங்களத்திலும் பெயரைக் காட்டலாம்; அடியில் இருக்கும் தரவு ஒன்றே.

நடைமுறையில் தமிழ்த் திட்டங்கள் பல தமிழ் எழுத்தில் டேக் வைப்பதுகூட இல்லை. தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் வைக்கின்றன. இது எல்லாவற்றிலும் கேடான வழி. தலைப்பு என்ற சொல்லை ரோமன் எழுத்தில் எழுத டி-யோடு எச் சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. ப்பு-வுக்கு ஒரு பி போடுபவர் உண்டு, இரண்டு போடுபவர் உண்டு. ழகரத்துக்கு இசட்-எச், எல், எல்-எச் என்று ஆளுக்கொரு முறை. எழுத்தாளர் என்ற சொல் இரண்டு தரவுத்தளங்களில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஓர் எழுத்து மாறினால் கணினிக்கு அது வேறு டேக். தமிழில் பெயரிட்டதாக மனநிறைவு அடைந்துவிட்டு, தமிழ்த் தரவுகளைத் தமக்குள்ளேயே பேச முடியாமல் பிரித்து வைத்துவிடுகிறோம்.

இன்னொரு காரணம் காலம். ஒரு டேக் பயன்பாட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கான நிரல்கள் அதை நம்பத் தொடங்கிவிட்டால் அதை மாற்ற முடியாது. அந்த நிலையில் சொல்லில் இருக்கும் பிழை கல்வெட்டாகிவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வாசகர் வந்தார் என்று வலைச் சேவையகத்துக்குத் தெரிவிக்கும் ரெஃபரர் என்ற தலைப்புவரியை 1996-இல் வெளியான எச்டிடிபி ஆவணத்தில் ஓர் 'ஆர்' எழுத்து குறைவாக எழுதிவிட்டார்கள். இன்றுவரை உலகின் உலாவிகள் எல்லாம் அந்தப் பிழையோடுதான் அதை அனுப்புகின்றன. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று, எழுத்துகளுக்குக் குறியெண் வழங்கும் யூனிகோடில் இருக்கிறது. ஃ என்ற ஆய்த எழுத்துக்கு அங்கே இடப்பட்ட முறையான பெயர் தமிழ் சைன் விசர்கா. பிற இந்திய எழுத்துகளின் வரிசையில் அந்த இடத்தில் விசர்க்கம் வருகிறது. அதே பெயர் தமிழுக்கும் ஒட்டப்பட்டது. ஆய்தம் விசர்க்கமன்று, தொல்காப்பியம் அதைத் தனிச் சார்பெழுத்தாகவே வகுத்திருக்கிறது. ஆனால் ஒருமுறை இட்ட எழுத்துப் பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் கொள்கை. ஆய்தம் என்பது பக்கக் குறிப்பாக மட்டுமே சேர்ந்தது. 0பி83 என்ற அதன் குறியெண்ணால் தமிழுக்கு ஒரு தீங்கும் இல்லை; அது எந்த இலக்கணத்தையும் மீறவில்லை. பொருள் சொல்ல முயன்ற பெயர்தான் என்றென்றைக்கும் தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாடுகளின் குறியீடுகள் இதே பாடத்தை இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கின்றன. மார்க் பட்டியலில் இலங்கைக்கு உரிய குறியீடு சி, ஈ என்ற இரண்டு எழுத்துகள். சிலோன் என்ற பெயரிலிருந்து வந்தவை. 1972-இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆனது. குறியீட்டை மாற்றவில்லை, மாற்றத் தேவையும் எழவில்லை. அதற்குள் அந்த ஈரெழுத்து பெயரின் சுருக்கம் என்ற நிலையிலிருந்து வெறும் அடையாளம் என்ற நிலைக்கு வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் 1950-இல் அச்சான நூலும் 2020-இல் அச்சான நூலும் ஒரே தேடலில் கிடைக்கின்றன. ஐஎஸ்ஓவின் நாட்டுக் குறியீடுகள் பெயரைப் பின்தொடர முயல்பவை. 1989-இல் பர்மா மியான்மர் ஆனபோது பி-யூ என்ற குறியீடு எம்-எம் என்று மாறியது. பழைய தரவுக்கும் புதிய தரவுக்கும் இடையே பாலம் கட்டும் வேலை பயன்படுத்துவோர் தலையில் விழுந்தது. மார்க்கில் அந்த நாட்டின் குறியீடு அன்று போலவே இன்றும் இருக்கிறது.

நம் ஊரில் நிலம் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பேச்சில் வேப்பமரத்துக் காடு, கிணற்றுமேட்டு வயல் என்றுதான் சொல்கிறோம். பதிவேட்டில் நிற்பது சர்வே எண்ணும் உட்பிரிவும். மரம் பட்டுப்போகலாம், கிணறு தூர்ந்துபோகலாம், சொந்தக்காரர் மாறலாம்; பத்திரம் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு நிலைக்கிறது. பெயரை யாரும் தடுக்கவில்லை. பெயரை நம்பி மட்டும் யாரும் கிரையம் முடிப்பதில்லை.

இனி எண் முறைக்கு எதிரான வலுவான வாதங்களுக்கு வருகிறேன். அவற்றை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது நேர்மையாகாது. 245 என்று அடிக்க வேண்டிய இடத்தில் கை தவறி 254 என்று அடித்துவிட்டால் என்ன ஆகும்? 254 என்பதும் மார்க்கில் உள்ள டேக்தான். இசைத்தாள்களின் வடிவத்தைக் குறிப்பது. கணினி மறுக்காது, தலைப்பு இசைக் குறிப்பாகிவிடும். இது உண்மையான ஆபத்து. ஆனால் தட்டச்சு செய்பவர் எண்ணை நினைவிலிருந்து அடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? நியூசிலாந்தில் ஹொரோவெனுவா நூலகத்துக்காக உருவாகி 2000-இல் செயல்பாட்டுக்கு வந்த கோஹா மென்பொருள் இன்று நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இருக்கிறது. அதன் பட்டியலாக்கப் படிவத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் நூலகர் பார்க்கும் பெயர் ஒன்றும், வாசகர் பார்க்கும் பெயர் ஒன்றும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளலாம். தலைப்பு இல்லாத பதிவைச் சேமிக்க விடாமல் 245-ஐக் கட்டாயப் புலமாக்கலாம். பிழையைத் தடுப்பது படிவத்தின் கடமை. சொல் டேக்கிலும் எழுத்து விட்டுப்போகும் என்பதற்கு ரெஃபரரே சாட்சி.

எண்களும் தம்முள் முரண்படுகின்றனவே என்பது அடுத்த வாதம். 1977-இல் வந்த யுனிமார்க் என்ற மற்றொரு மார்க் வடிவத்தில் தலைப்புக்கு 200. நாம் இதுவரை பார்த்த வடிவமான மார்க் 21-இல் 245. யுனிமார்க்கில் 700 முதன்மை ஆசிரியர். மார்க் 21-இல் கூடுதல் பெயர். ஆம், முரண்படுகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றே என்று நம்பி யாரும் ஏமாறுவதில்லை. எண்ணைப் பார்ப்பவர் எந்தத் தரத்தின் எண் என்று கேட்கிறார். ஒப்பீட்டு அட்டவணையைத் தேடுகிறார். இரண்டு தரங்களிலும் டேட் என்று இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. வெளிப்படையாகத் தெரியும் வேற்றுமையைச் சரிசெய்ய முடியும். ஒற்றுமையின் வேடத்தில் ஒளிந்திருக்கும் வேற்றுமை பல ஆண்டு கழித்துத் தரவுகளைச் சேர்க்கும்போதுதான் வெளிவரும். அப்போது திருத்த நேரமும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்.

எண் வைத்துவிட்டாலே போதும் என்றும் நான் சொல்லவில்லை. யுனெஸ்கோ இலவசமாக வழங்கிய சிடிஎஸ்-ஐசிஸ் மென்பொருளின் சிறுகணினிப் பதிப்பு 1985-இல் வந்தபின் இந்தியாவில் ஏராளமான நூலகங்கள் அதில் தரவுத்தளம் அமைத்தன. அதிலும் டேக்குகள் எண்கள்தாம். ஆனால் எந்த எண் எதற்கு என்று ஒவ்வொரு நூலகமும் தானே வரையறுத்துக்கொள்ள இடமிருந்தது. பொதுத் தரத்தைப் பின்பற்றியவர்களின் தரவு பிறகு எளிதாக மார்க்குக்கு மாறியது. தம் விருப்பப்படி 1, 2, 3 என்று போட்டு, அதன் விளக்கத்தை எழுதிவைக்காமல் போனவர்களின் தரவைப் பிறர் புலனாய்வு செய்ய வேண்டியிருந்தது. எண் டேக் வரையறையைக் கட்டாயமாக்குகிறது. அந்தக் கட்டாயத்தை நிறைவேற்றாதவருக்கு எண் உதவாது. என் வாதத்தை இது பலவீனப்படுத்தவில்லை. பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேனோ அங்கே அவர்கள் அதை வைக்கவில்லை.

இந்தச் சிந்தனைக்கு நாம் வெளியே போய்க் கடன் வாங்க வேண்டியதும் இல்லை. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற ரங்கநாதன், 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். பின்னாளில் அவர் வகுத்த கொள்கையில் பகுப்பாக்கப் பணி மூன்று தளங்களில் நடக்கிறது: கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். சொல் தளத்தில் ஒரு பொருளுக்குப் பல சொற்களும் ஒரு சொல்லுக்குப் பல பொருள்களும் இருப்பது மொழியின் இயல்பு. அதிலிருந்து விடுபடத்தான் குறியீட்டுத் தளம் தேவை. அங்கே ஒரு கருத்துக்கு ஒரே குறி, ஒரு குறிக்கு ஒரே கருத்து. சொல் டேக் வேண்டும் என்பவர்கள் செய்வது குறியீட்டுத் தளத்தை ஒழித்துச் சொல் தளத்தோடு கரைப்பது. பார்வைக்கு அது எளிமை. உண்மையில், தீர்க்கப்பட்ட ஒரு சிக்கலை மீண்டும் நூலகத்துக்குள் அழைத்து வருவது.

எல்லை எங்கே என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிரலாளர் தன் நிரலுக்குள் வைக்கும் மாறிகளுக்குப் பொருள் தரும் பெயர் வைப்பது நல்ல பழக்கம். படிப்பவரும் திருத்துபவரும் அந்தக் குழுவினரே. ஒரு கடையின் கணக்குத் தரவுத்தளத்தில் விலை, அளவு என்று நெடுவரிசைகளுக்குப் பெயர் வைப்பதிலும் குற்றமில்லை. நான் பேசுவது பகிரப்படும் தரவைப் பற்றி: நூற்பட்டியல், ஓலைச்சுவடி அட்டவணை, கல்வெட்டுத் தொகுப்பு, இதழ்களின் உள்ளடக்க அடைவு, நிலப்படம், மக்கள் பெயர்ப்பதிவு. உருவாக்கியவர்களின் ஆயுளைத் தாண்டி வாழ வேண்டிய தரவுகள் இவை.

இத்தகைய தரவுகளுக்கு டேக் வைப்போர் ஐந்து விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். டேக் எந்த மொழியின் சொல்லாகவும் இருக்கக் கூடாது. ஒருமுறை வழங்கிய எண்ணை இன்னொரு பொருளுக்கு மீண்டும் வழங்கக் கூடாது; கைவிடப்பட்ட எண் கைவிடப்பட்டதாகவே நிற்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் எழுத்தில் வரையறை இருக்க வேண்டும். எது உள்ளே வரும், எது வராது என்று அது சொல்ல வேண்டும். உள்ளூர்த் தேவைக்கென்று ஒரு வரிசையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். திரையில் காட்டும் பெயர்கள் தனி அட்டவணையில், எத்தனை மொழி வேண்டுமோ அத்தனை மொழியில், தரவைத் தொடாமல் திருத்தக்கூடியவையாக இருக்க வேண்டும். இந்த ஐந்தாம் விதிதான் தமிழுக்கு உண்மையான இடம் தருகிறது. தமிழ்ப் பெயரை மேம்படுத்தலாம், கலைச்சொல் மாறினால் மாற்றலாம், ஈழத்து வழக்குக்கும் தமிழகத்து வழக்குக்கும் தனித்தனிப் பெயர் காட்டலாம். அடியில் ஒரு பதிவும் அசையாது.

இன்று தமிழ்ச் சுவடிகளும் பழைய இதழ்களும் வேகமாக மின்வருடப்படுகின்றன. ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று ஒரு சொல் டேக் தொகுதியை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. இந்தத் தரவுகளை ஒருநாள் ஒன்றிணைத்தே ஆக வேண்டும். அந்த வேலை அடுத்த தலைமுறையின் தலையில் விழப்போகிறது. பார்க்க எளிது என்ற ஒரே காரணத்துக்காக அவர்களுக்குத் தீராக் கடனை விட்டுச்செல்ல நமக்கு உரிமை இல்லை. திட்ட அறிக்கை எழுதும் நூலகர்களும் நிரலாளர்களும் நிதி ஒதுக்கும் அதிகாரிகளும் முதல் பதிவை உள்ளிடும் முன்பே டேக்குகளுக்கு எண்ணையும் எண்களுக்கு வரையறையையும் முடிவு செய்யட்டும். பெயர்களைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.